வசுமதி வீட்டு இந்துப்பு

வசுமதி ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணவர் மஹாதேவனுக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்த அன்றே, அவர்களுடைய வங்காளத்துப் பெஹாலா வீட்டுச் சமையலறையிலிருந்து உப்பு ஜாடி வெளியேறியது. வடுமாங்காய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் அண்ணி முறை கொண்டாடும் கீழ்வீட்டு தீப்தி பௌதிக்குப் போய்ச் சேர்ந்தன. காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் விழுங்குகிற வரை எதிரிலேயே நிற்பாள்.

அத்தனையும் அவருடைய கண்ணுக்காகத்தான். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. தட்டில் இருப்பது கத்தரிக்காயா முருங்கைக்காயா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். ஆபரேஷனுக்குப் போனால் பிரஷர் நூற்றெண்பதைத் தாண்டி நிற்கிறது. குறைந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் போனாலும் அதே கதை.

வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒரு கல் உப்பு கிடையாது, பிறகு எப்படி ஏறும்? மனுஷர் சாயங்காலம், பழகின வழிதானே என்று, சௌரஸ்தா நாற்சந்தி வரை நடந்துவிட்டு வருகிறார். வழியில் கத்தரிக்காய் பஜ்ஜி மாதிரி பேகுனியும் சமோசா மாதிரி சிங்காடாவும் பொரிக்கிற கடை இருக்கிறதே!

"ஏன்னா, நிஜத்தைச் சொல்லுங்கோ. அங்க என்னத்தைத் தின்னுட்டு வரேள்?"

"டீ கூடக் குடிக்கலடி. உம்மேல சத்தியம்."

"எம்மேல பண்ணாதீங்கோ. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

சட்டையை முகர்ந்து பார்த்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை; அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது. கடைசியில் நடையையே நிறுத்திவிட்டாள், மகராசி! அவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, சரியாகத் தெரியாத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சும் குறைந்துபோயிற்று.

மூன்றாம் தடவை வேறொரு டாக்டரம்மா இருந்தார். வங்காளி. "வீட்டில் என்னென்ன சமைப்பீர்கள், மாஷிமா?" என்று சித்தி முறை சொல்லி நிதானமாக விசாரித்தார். வசுமதி பெருமை பொங்க வங்க மொழியிலேயே சொன்னாள்: உப்பைக் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகிறது, எல்லாமே இந்துப்புதான், அது கெடுதல் இல்லையே என்று ஒரு சிட்டிகை கூடவே போடுவேன்.

விரத நாளில் உப்பு ஆகாது, இந்துப்பு ஆகும். வசுமதி பிறந்த வீட்டிலும் அப்படித்தான், தீப்தி பௌதியின் உபவாசத்திலும் அப்படித்தான். விரதத்துக்கே ஆகிறது பிரஷருக்கு ஆகாதா என்று நினைத்துவிட்டாள்.

"அதுவும் உப்புதான் மாஷிமா. பிரஷருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எதுவானாலும் குறைத்துத்தான் போட வேண்டும். மாத்திரையை விடாதீர்கள். அவரை நடக்க விடுங்கள்."

வீட்டுக் கதவைச் சாத்தியதும் வசுமதி உடைந்துவிட்டாள்.

"நான்தான்னா பண்ணிட்டேன். என் கையாலயே அள்ளி அள்ளிப் போட்டுட்டு, உங்களைப் போய்த் திருடன் மாதிரி சோதிச்சேனே!"

"சரி, விடு," என்றார் அவர். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது, கறியில் எலுமிச்சம்பழம் விழுந்தது, உப்பு பெயருக்கு இருந்தது. சாயங்காலம் அவரோடு அவளும் நடந்தாள். பொரிக்கிற கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வாள். பிரஷர் மெல்ல இறங்கியது. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது.

கட்டைப் பிரித்ததும் மஹாதேவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னா அப்படிப் பாக்கறேள்?"

"ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல. நீயாவது அன்னிக்குச் சட்டையை மோந்து பாத்ததுக்கு என் மூஞ்சியைப் பாத்திருக்கலாமேடி. பொய் சொல்றேனா இல்லையான்னு தெரிஞ்சிருக்குமே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வசுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.