யாரும் அடிக்காத ஃபிளாஷ்

இது நடந்தது. நடந்த இடம் மயிலாப்பூர், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அமாவாசை இல்லை, நடுராத்திரி இல்லை, கரண்ட்கூடப் போகவில்லை. போன வருஷம் பிப்ரவரியில், வெயில் சுள்ளென்று அடித்த ஒரு மத்தியானம். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

ஸ்நேஹாவின் கணவன் சாய்சரண் புகைப்படக்காரன். மாடியில் ஒரே அறை, அதுதான் ஸ்டுடியோ. கீழே வாசலில் வேலம்மாவின் இஸ்திரி வண்டி. சாய்சரண் ஃபிலிமில் எடுப்பவன். இப்போது அதற்குத் தனி மவுசு. ஆனால் ஃபிலிமில் எடுத்ததை உடனே பார்க்க முடியாது. வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்பது கழுவி வந்த பிறகுதான் தெரியும். அதனால் அவன் ஒரு லைட் மீட்டர் வைத்திருந்தான். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. அதன் தலையில், பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல ஒரு வெள்ளைக் குமிழ். படத்தில் வரப்போகிறவரின் தாடைக்குக் கீழே அதைப் பிடிக்க வேண்டும். ஃபிளாஷ் அடித்ததும் பிக் என்ற சத்தத்தோடு திரையில் ஓர் எண் வரும், வெளிச்சம் கூடினால் எண்ணும் கூடும். அந்த எண்ணைக் கேமராவில் வைத்தால் படம் பிசகாது.

பிடிப்பது ஸ்நேஹாவின் வேலை. மாடல் வருவதற்கு முன்பே அவள் போய் மாடலின் இடத்தில் நிற்பாள். அவன் விளக்கைத் தள்ளுவான், இறக்குவான், திருப்புவான். அவள் எண்ணைச் சொல்வாள். எல்லாம் சரியானதும் மாடல் மாளவிகா வருவாள். ஸ்நேஹா நகர்ந்துகொள்வாள். அவள் முகத்துக்கென்று பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சம் இன்னொருத்தி முகத்தில் விழும். கல்யாணமாகி நான்கு வருஷம். சாய்சரண் அவளை ஒரு படம்கூட எடுத்ததில்லை.

மாளவிகா தெற்கு மாட வீதிப் பெண், நாட்டியம் ஆடுபவள். தி.நகர்ப் புடவைக் கடை ஒன்றின் விளம்பரங்களில் ஒரு வருஷமாக அவள் முகம்தான். ஸ்நேஹாவை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். வரும்போதெல்லாம் அவளுக்கும் சேர்த்துப் பூ வாங்கி வருவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்நேஹாவுக்கு அதுதான் தாங்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் சாய்சரணின் ஒரு கண் மூடியிருக்கும், ஒரு கண் மாளவிகாமேல் இருக்கும். அந்த ஒரு கண்ணுக்காக ஸ்நேஹா பல ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

அன்று ஊரூர் ஒல்காட் குப்பத்தில் படப்பிடிப்பு. மீன் படகுகளுக்கு நடுவே பட்டுப் புடவையில் மாளவிகா. சாய்சரண் கேமராவை எடுத்தான், பேட்டரி ஃபிளாஷை எடுத்தான், அதை அடிக்கவைக்கும் ட்ரிக்கரையும் எடுத்துப் பையில் போட்டான். மீட்டர் மேஜையிலேயே இருந்தது. ஸ்நேஹா பார்த்தாள். அவன் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. வெளுத்துப் போகட்டும் அவள் மூஞ்சி.

மூன்றே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அப்புறம் மெசேஜ். மீட்டரை விட்டுவிட்டு வந்துவிட்டானாம். ஆட்டோ பிடித்துக் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சியிருந்தான். ஸ்நேஹா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

மீட்டரைக் கையில் எடுத்தாள். சாம்பல் நிறத் திரைக்கு முன்னால், மாளவிகா நிற்கும் இடத்தில் போய் நின்றாள். தாடைக்குக் கீழே பிடித்தாள். கட்டைவிரல் பழக்கத்தில் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கியது. ஃபிளாஷுக்காகக் காத்திருக்கிறேன் என்று மீட்டரின் திரையில் ஒரு மின்னல் குறி சிமிட்டத் தொடங்கியது. சும்மா சிமிட்டட்டும் என்று விட்டாள். ஸ்டுடியோ விளக்குகளின் வயர்கள் சுருட்டி மூலையில் கிடந்தன. ட்ரிக்கர் குப்பத்தில் இருந்தது. அந்த அறையில் ஃபிளாஷ் அடிக்க வழியே இல்லை.

நாலு பத்து.

பிக்.

மீட்டர் திரையில் 5.6.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எதுவும் மின்னவில்லை. ஜன்னல் மூடியிருந்தது. பழைய மீட்டர், கிறுக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்தாள்.

பிக். 8.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. கருவாடு. கூடவே உப்புக் காற்று. அந்தச் சந்தில் யார் வீட்டிலும் மீன் வாங்க மாட்டார்கள்.

பிக். 11.

நான்கு வருஷம் மீட்டர் பிடித்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபிளாஷ் அதேதான், எண் மட்டும் ஏறுகிறது என்றால் ஒரே அர்த்தம்... முகத்துக்கும் ஃபிளாஷுக்கும் நடுவில் தூரம் குறைகிறது.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு திரைக் காகிதத்தில் இடித்தது. கசங்கும் சத்தம்.

பிக். 16.

எதிரே யாரும் இல்லை. சாய்சரணின் முக்காலி மட்டும். அதன்மேல் கேமரா இல்லை.

கன்னத்தில் சூடு.

மூடிய அறைக்குள் அவள் தலைமுடி பறந்தது.

பிக். 32.

மீட்டரைக் கீழே போட நினைத்தாள். கை கேட்கவில்லை. தாடைக்குக் கீழே அப்படியே... இறுகிப் போய்...

பிக்.

எண் இல்லை. E என்ற ஒற்றை எழுத்து. அளக்க முடியாத வெளிச்சம்.

அவள் உதடுகள் அசைந்தன. தான் பேசுவது அவளுக்கே தெரிந்தது.

குரல் மட்டும் வரவில்லை.

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கீழே வேலம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, மூஞ்சில ரத்தமே இல்லாம கீது? இப்பதான வெளிய போன. கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. எப்ப மேல வந்த நீ?"

தான் வெளியே போகவில்லை என்று ஸ்நேஹா சொன்னாள். வெயிலில் நின்று நின்று தனக்குத்தான் கண்ணு பூத்துப்போச்சு போல என்று வேலம்மா சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஸ்நேஹாவின் பக்கம் நிமிரவில்லை. அடுத்த சட்டையை எடுத்து விரித்துக்கொண்டாள்.

சாய்சரண் ஆறு மணிக்குத் தனியாகத் திரும்பி வந்தான். மாளவிகாவுக்குத் தலைவலி, பாதியில் போய்விட்டாள் என்றான். ஃபோனை ஏன் எடுக்கவில்லை என்று திட்டவில்லை. மீட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஸ்நேஹாவின் முகத்தைப் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கே அவர்களுக்குள் ஏதோ நடந்திருக்கிறது, அதனால்தான் இந்த முழி என்று முடிவு கட்டினாள். அந்த எரிச்சலில் தனக்கு நடந்ததை அவனிடம் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து, ஃபிலிம் கழுவிய லேபிலிருந்து படங்கள் மெயிலில் வந்தன. அவன் குளிக்கும்போது அவள் லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். முதல் ஆறில் மாளவிகா. ஆறும் பால் கொட்டியது மாதிரி வெளுத்திருந்தன, முகமே இல்லை. ஸ்நேஹாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழாவது படம் வரும் வரை.

ஏழாவதில் படகுகளுக்கு நடுவே ஸ்நேஹா நின்றிருந்தாள். தாடைக்குக் கீழே மீட்டர். எட்டாவதில் இன்னும் கிட்டே. ஒன்பதாவதில் இடுப்புவரை, பத்தாவதில் முகம் மட்டும், பதினொன்றாவதில் ஒரே ஒரு கண். வெளிச்சத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பன்னிரண்டாவது முழு வெள்ளை.

அவள் மாளவிகாவுக்கு ஃபோன் செய்தாள். அன்றைக்குக் குப்பத்தில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்கறேள்? மீட்டரை எடுத்துண்டு நீங்கதானே வந்தேள்? நேரா வந்து எனக்கு முன்னாடி நின்னுண்டேள். நகருங்கோன்னு சொன்னேன், காதுல வாங்கிக்கல. அவர் எடுக்க எடுக்க அவர்கிட்டயே நடந்து போயிண்டிருந்தேள். கடைசியா அவர் காதுல என்னமோ சொன்னேள். கேமராவைக் கீழ வெச்சுட்டு மணல்ல உக்காந்துட்டார். நான் பயந்து போய் ஆட்டோ ஏறிட்டேன்."

சாய்சரண் குளித்துவிட்டு வந்தான். திறந்திருந்த படத்தைப் பார்த்தான். நான் என்ன சொன்னேன் என்று ஸ்நேஹா கேட்டாள். அவன் லேப்டாப்பை மூடினான்.

"நீ சொன்னபடிதான் நடந்துக்கறேன்ல. விட்டுடு."

அதன்பிறகு மாளவிகா ஸ்டுடியோ பக்கம் வரவில்லை. வேறு எந்தப் பெண்ணும் வரவில்லை. புடவைக் கடை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. சாய்சரண் இப்போது ஸ்நேஹாவை மட்டும்தான் படம் எடுக்கிறான், தினம் ஒரு ரோல். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்குப் பொறாமை தீரவில்லை. அன்று குப்பத்துக்குப் போன எவளுக்குப் பயந்து அவன் எடுக்கிறானோ, அது இப்போது அவள்மேல் திரும்பியிருக்கிறது.

ஒவ்வொரு படம் எடுத்ததும் அவன் கேமராவை இறக்குகிறான். போதுமா என்று கேட்கிறான்.

ஸ்நேஹாவைப் பார்த்து அல்ல. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து.