அன்னத்தின் கழுத்தில் ஓர் ஓட்டை

"...ஒரு அன்னத்துக்கு மட்டும்னா எங்க கைத்தப்புங்க. சேலையில பதினாலு அன்னத்துக்கும் கழுத்துல ஒரே எடத்துல மச்சம் இருந்தா அது உங்க அட்டைத் தப்புங்க. அக்கா தங்கச்சியாட்டம் வரிசையா நிக்குதுங்க" என்றார் அந்த அம்மா. ராசிபுரத்து நெசவுக்காரரின் மனைவி. முதல் பஸ்ஸில் சேலம் வந்து, நான் அட்டை குத்தும் அறையின் வாசலில் நின்றார். கோத்த அட்டைகள் இடுப்பில் மூட்டையாக இருந்தன.

கட்டம் போட்ட தாளில் ஒருவர் பூவும் பறவையும் வரைவார். வரிக்கு ஓர் அட்டை என்று நான் குத்துவேன். நிரப்பிய கட்டம் என்றால் ஓட்டை. ஓட்டை கண்ட இடத்தில் தறி பாவு நூலை, நீளவாக்கில் ஓடும் நூலை, தூக்கும், அங்கே சரிகை ஓடும். ஒவ்வொரு அன்னத்துக்கும் அதே அட்டைகள்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு யாரும் சொல்லித் தந்த வேலையல்ல, பார்த்துப் பழகியது. அதனால் என் அட்டையைக் குறை சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும்.

கூலிக்கு நெய்யப் பட்டுக் கொடுக்கும் முதலாளி முந்தின நாள் சேலையைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவின் கணவருக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லிப் போனாராம். இன்று மத்தியானம் வந்து பாவு நூலை அறுத்து வேறு தறிக்குக் கொண்டுபோவாராம்.

"பாவு போச்சுன்னா அப்பறம் எங்களுக்கு ஆருங்க பட்டுக் குடுப்பாங்க?"

தாளை எடுத்து ஜன்னலோரம் விரித்தேன். கழுத்து வரும் வரிகளை ஒவ்வொன்றாக அட்டையோடு வைத்துப் பார்த்தேன். நாற்பத்தேழாவது அட்டையில், கழுத்தை ஒட்டி, தனியாக ஓர் ஓட்டை இருந்தது. தாளிலும் அதே கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. எனக்கு உயிர் வந்தது. வரைந்தவர் புள்ளி வைத்தார், நான் குத்தினேன், சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தப் புள்ளி ஏனோ தாளைவிட்டுச் சற்றே மேடாகத் தெரிந்தது. அந்த அம்மாவின் கண் தாளில் இல்லை, என் விரலில் இருந்தது.

நகத்தால் சுரண்டினேன். புள்ளி உதிர்ந்தது. ஈ எச்சம். அடியில் கட்டம் வெள்ளையாக இருந்தது.

தெருவில் ஆள் ஏற்ற நின்றிருந்த ராசிபுரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பல வருஷமாக என் கை தப்பாது என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் நான்.

"தப்பு என்னுதுதாங்க. ஓட்டையை ஒட்டிக் குடுத்துடறேன்" என்றேன்.

"ஒட்டுங்க. ஆனா நான் போயிச் சொன்னா முதலாளி நம்ப மாட்டாருங்க. நீங்க வந்து சொல்லோணும்."

முதலாளி முன் நிற்பதை நினைத்து, கோந்துக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டையின் மேல் நான் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி முடித்ததும், அந்த அம்மா அட்டைகளையும் அந்தத் தாளையும் வாரி மூட்டையில் கட்டினார். விடுவிடுவென்று தெருவுக்குப் போய், பஸ் படியில் ஒரு காலை வைத்து, மறு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். கண்டக்டர் கத்தக் கத்த, நான் சட்டை மாட்டிக்கொண்டு வரும்வரை தரையில் ஊன்றிய காலை எடுக்கவே இல்லை.