பதினாலு பேர் வந்த வழி

எனக்கு அந்த ரயிலைக் கண்டாலே ஆகாது. நான் ரயிலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலே பெட்டி. காலையில் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை. மற்ற நேரமெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரில் ஒரு பாக்கெட் பால் வாங்கக் கூடக் காரில்தான் போக வேண்டும். சாலையோரம் யாராவது நடந்து போனால் வண்டி பழுதாகிவிட்டதா என்று கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள். நான் கார் பழுதுபார்க்கும் கடையில் முன் மேசையில் உட்காருகிறவள். இந்த ஊருக்கு ரயில் ஒரு கேடா என்று அங்கே வருகிறவர்களோடு சேர்ந்து நானும் பேசியிருக்கிறேன்.

ஆனால் என் அக்காவுக்கு அது வேண்டியிருந்தது. நாற்பத்தாறு வயதில் அவளுக்கு வலது கண் பார்வை அடியோடு போயிற்று. ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் அழவில்லை. காரை விற்றாள், வீட்டைக் காலி செய்தாள், ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் பிளாட்பாரத்து பெஞ்ச் தெரியும். வேலை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். ஈரமான படுக்கை விரிப்புகளை துணி தேய்க்கும் உருளை இயந்திரத்தில் கொடுக்க வேண்டும், மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும்போது நாலாக மடிக்க வேண்டும். இரண்டு பேர் வேலையை ஒரு கண்ணால் பார்க்கிறாள் என்று அங்கே கேலி செய்வார்களாம். அதைப் பெருமையாக வந்து என்னிடம் சொல்வாள்.

தினமும் நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்போது சொன்னேன். மனசார ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரியும். உன் முகத்தில் விழித்துவிட்டுப் போனால் மடித்த துணி கூடக் கசங்கிவிடும் என்றாள். அதன் பிறகு ஏழு வருடம், ஆறு பத்து ரயிலில், யார் தயவும் இல்லாமல் வேலைக்குப் போய் வந்தாள். வீட்டிலிருந்து பிளாட்பாரத்துக்கு ஐந்து நிமிட நடை.

அந்த ஐந்து நிமிடம் ஒரு வேலி ஓட்டையின் புண்ணியம். ரயில் நிலையத்தின் வாசல் நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாசலுக்கு முன்னால் பெரிய கார் நிறுத்துமிடம். குடியிருப்புப் பக்கம் வெறும் கம்பிவேலி. யாரோ ஒரு புண்ணியவான் அதில் ஆள் நுழைகிற அளவுக்கு வளைத்து வைத்திருந்தான். தண்டவாளத்தைத் தாண்ட வேண்டியது கூட இல்லை, நுழைந்தால் நேராக பிளாட்பாரம். அக்காவைச் சேர்த்துப் பதினாலு பேர் தினமும் அந்த வழியாகத்தான் போனார்கள். எல்லாரும் ஆஸ்பத்திரியிலும் அதைச் சுற்றிய கட்டடங்களிலும் துடைக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், சமைக்கிறவர்கள்.

போன வருடம் ரயிலை நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். எங்கே? நெடுஞ்சாலை ஓரத்தில், கார் இல்லாமல் எட்டிக் கூடப் பார்க்க முடியாத ஒரு மண்டபத்தில். ரயிலில் போகிற ஒருத்தரும் அங்கே வரவில்லை, எப்படி வருவார்கள்? வந்தவர்கள் எல்லாரும் காரில் வந்து, ரயில் தண்டம் என்று மைக்கில் சொல்லிவிட்டுக் காரில் போனார்கள். அக்காவை மட்டும் நான் கூட்டிப் போயிருந்தேன். பாசமெல்லாம் இல்லை. ரயில் நின்றால் தினமும் அதிகாலையில் எழுந்து அவளுக்கு வண்டி ஓட்டுவது என் தலையில் விழும் என்ற பயம்.

மேடையில் இருந்த அதிகாரி ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். எங்கள் ரயில் நிலையத்தில் சராசரியாக மூன்று கார் நிற்கிறதாம். ஆகவே அங்கே பயணிகள் மூன்று பேராம். அக்கா எழுந்து நின்றாள்.

"காரை எண்ணி ரயில்ல போறவங்களக் கணக்குப் போடுவீங்களா?"

"ரயிலுக்கு வர்றவங்க வண்டிய அங்கதானேம்மா விடணும்? வேற எப்படி வருவாங்க?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் மோசம். காரில்லாமல் ஒரு மனுஷி ரயிலடிக்கு வர முடியும் என்பது அந்தப் படித்த மண்டையில் ஏறவே இல்லை. நாங்க பதினாலு பேர் நடந்து வர்றோம், வேலியில ஒரு வழி இருக்கு என்று அக்கா ஆரம்பித்தாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன். என் கையைத் தட்டிவிட்டு, எந்தக் கட்டடத்துக்குப் பின்னால், எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் என்று புட்டுப் புட்டு வைத்தாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் அவரே விடிகாலையில் வந்து வேலியோரம் நின்று பதினாலு பேரையும் எண்ணிக்கொண்டு போனார். தங்கமான மனுஷன் என்றாள் அக்கா. ஒரு மாதத்தில் குடியிருப்புக்குக் கடிதம் வந்தது. ரயில் தொடர்ந்து ஓடும். அதற்கு அடுத்த வரியிலேயே, அனுமதியில்லாத வழி பாதுகாப்பு கருதி அடைக்கப்படும், பயணிகள் வாசலைப் பயன்படுத்த வேண்டும், அவர்கள் வசதிக்காகக் கார் நிறுத்துமிடம் பெரிதாக்கப்படும். திங்கட்கிழமை ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு வேலி நின்றது. அந்த வாசலுக்குச் சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர். நடைபாதை கிடையாது. லாரிகள் பறக்கிற சாலை.

நான் அந்த அதிகாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். கார் நிறுத்த நிறைய இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறோமே மேடம் என்றார். அந்த வேலியில் ஒரு கதவு வைத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்டேன். அது வேறு துறை என்றார். இப்போது அவர் கணக்குப்படி பதினாலு பேர் ரயிலில் போகிறார்கள். தாளில் நன்றாகத்தான் போகிறார்கள்.

உண்மையில் ஐந்து பேர் ஒரே வாரத்தில் வேலையை விட்டார்கள். மற்றவர்கள் இருட்டோடு கிளம்பி நெடுஞ்சாலை ஓரமாக நடக்கிறார்கள். அத்தனை பேரும் வைவது அந்த அதிகாரியை அல்ல, அக்காவை. ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அம்மா ஒருத்தி. ஏழு வருடமும் ரயிலில் அக்காவின் வலது பக்கமாக உட்கார்ந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்கையைப் பிடித்துக்கொண்டவள். அவள் மாடிப்படியில் வைத்து, "நல்லா இருந்த வழிய ஊரக் கூட்டி அடைச்சிட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் அக்கா எனக்குப் போன் செய்து, காலையில் வர முடியுமா என்று கேட்டாள். அதற்கு முன்னால் அவள் என்னிடம் எந்த உதவியும் கேட்டதில்லை.

என் கடை ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறது, ஆஸ்பத்திரி வரை போனால் எனக்கு நேரம் தப்பும். அதனால் ரயில் நிலைய வாசல் வரை கொண்டுவிட்டேன். அக்கா பின் சீட்டில் உட்காருவாள். எனக்குத் தூக்கம் கெட்ட எரிச்சல், அவளுக்குத் தயவில் போகிற எரிச்சல்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், வண்டி வெளிச்சத்தில் கேன்டீன் அம்மா தெரிந்தாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையோரம் நடந்துகொண்டிருந்தாள். அக்கா நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியை இறக்கினேன். அக்கா கூப்பிட்டாள்.

"ஏறுங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

"நீங்க போங்க. உங்களுக்குத்தான் கார் இருக்கே."

சொல்லிவிட்டு அவள் நடந்துகொண்டே இருந்தாள். அக்கா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு? அந்தப் பக்கம் வர்ற லாரி தெரியாதுடி."

"நீ வீட்டுக்குப் போ."

வயதில் மூத்தவளை டி போட்டதற்குக் கூட அவள் கோபப்படவில்லை. கேன்டீன் அம்மாவுக்குப் பத்தடி பின்னால் நடக்க ஆரம்பித்தாள். பார்வையில்லாத பக்கமாக லாரிகள் உரசிக்கொண்டு போயின. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, அவளை ஒட்டி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினேன். ஆறு பத்து ரயில் எல்லா ஜன்னலும் வெளிச்சமாக, காலியாக எங்களைத் தாண்டிப் போயிற்று. எனக்குப் பின்னால் வரிசை கட்டிய கார்க்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். நான் தலையை வெளியே நீட்டி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

அந்தச் சத்தத்தில் கேன்டீன் அம்மா திரும்பிப் பார்த்தாள். பின்னால் அக்கா நடந்து வருவதைப் பார்த்தாள். நிற்கவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.