மஞ்சள் தேய்த்த கை

துணியைக் கண்ட்ரோலில் அளந்து கொடுத்த காலம். என்னிடம் இருந்தது இரண்டே ரவிக்கை. அப்படியும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால் ரவிக்கையோடுதான் குளத்தில் இறங்குவேன். சின்ன வயதில் அம்மை வார்த்ததில் என் முதுகு முழுக்கக் குழி குழியாகத் தழும்பு. கட்டிய புருஷனுக்குக்கூட அதை வெளிச்சத்தில் காட்டியதில்லை.

அந்த வருஷம் மலையடிக் குளத்தில், பெண்கள் படித்துறையில், முன்பின் தெரியாத ஒருத்தி அரைத்த மஞ்சளை என் கையில் கொடுத்தாள். சேலையை இடுப்புவரை இறக்கிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் குளிக்கிறவளுக்கு முதுகு தேய்த்துவிடுவது அங்கே வழக்கம். அவள் தோள் முதல் நடுமுதுகு வரை தோல் வெந்து சுருங்கிக் கிடந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "வெல்லப் பாகு கொட்டினதும்மா. ஒட்டிக்காது, தேய்," என்றாள்.

எந்தப் பார்வைக்குப் பயந்து இத்தனை வருஷம் ஒளிந்தேனோ, அதே பார்வையைத்தான் நான் அவள்மேல் வைத்திருந்தேன். தேய்த்து முடித்தேன்.

"இப்போ நீ திரும்பு. ரவிக்கை போட்டுகினு யாராச்சும் குளிப்பாங்களா? கழட்டு," என்றாள்.

திரும்பி உட்கார்ந்தேன். கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். முதுகில் வெயில் பட்டது. அவள் கழுத்திலிருந்து இடுப்புவரை மஞ்சள் தேய்த்தாள். அவள் கை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ரவிக்கையோடு குளித்ததில்லை. ஆனால் மஞ்சளைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அன்று நின்றுபோன என் கைதான் நினைவுக்கு வருகிறது.