அடைப்புக்குறிக்குள் இருந்த ஆள்

கமலவேணி போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை மில் கேட்டில் வாட்ச்மேன் சொன்னார். நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் பழைய அதிகாரி மாலையோடு வந்து நின்றிருந்தார். "நிதானமானவங்க. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமலவேணியோடு வேலை பார்த்தவர்களே, அது பச்சைப் பொய் என்று உங்களுக்குத் தெரியும்.

மில் ஆபீசுக்குத் துளை அட்டை இயந்திரம் வந்த சமயம். தொழிலாளிக்கு ஓர் அட்டை. அதில் பெயரை எழுத்தெழுத்தாகத் துளையிடுவதுதான் கமலவேணிக்கும் எனக்கும் வேலை. ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் தவிர அந்த இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. அடைப்புக்குறி போட்டால் அட்டையைத் தள்ளிவிடும். நம் பக்கமோ தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர். பழனிசாமிகளுக்குக் கணக்கே இல்லை. அதனால் பழைய பதிவேட்டில் பழனிசாமி (பல்லடம்), பழனிசாமி (கணபதி) என்று ஊரையும் எழுதியிருந்தார்கள். அதிகாரி, அடைப்புக்குறியோடு ஊரையும் சேர்த்தே விட்டுவிடச் சொன்னார்.

"குறியை எடுத்துப்போடுங்க சார், வேண்டாங்கல. உள்ள இருக்கற ஆளை எடுத்துப்போடாதீங்க. ஒரு இடம் உட்டு ஊர்ப் பேரை அடிச்சுப்போடறேனுங்க" என்றார் கமலவேணி. வேலை இழுக்கும் என்று அதிகாரி மறுத்துவிட்டார்.

பிறகொரு நாள் பழனிசாமி என்பவர் இயந்திர பெல்ட்டில் சிக்கி இறந்தார். ஆபீசில் பெயரை வைத்துத் தேடினார்கள். முதலில் அகப்பட்ட அட்டையின் எண்ணை வைத்து விலாசம் எடுத்து, அந்த வீட்டுக்கு ஆள் போனது. பல்லடத்தில் ஒரு தாய், உயிரோடிருந்த மகனுக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். செத்தவர் கணபதிக்காரர். அவர் மனைவி சோறாக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மறுநாள், பிழை தன்னுடையதுதான் என்று கமலவேணி கையெழுத்துப் போட வேண்டுமாம். "சொன்னது நீங்க. தப்புன்னு அன்னிக்கே சொன்னது நானுங்க. போடமாட்டேன்" என்றார். குரல் வராந்தா வரை கேட்டது. அவரைக் கழிவுப் பஞ்சு குடோனுக்குத் தூக்கிப் போட்டார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தார். அந்தத் தூசிதான் அவர் நெஞ்சை அரித்தது. அதைச் செய்தவர் கையில்தான் மாலை.

கையெழுத்து மறுத்த அன்று மாலை என்னையும் கூட்டிக்கொண்டு கணபதிக்குப் போனார். அந்தப் பெண் அழுது ஓய்ந்திருந்தாள். "ஏனுங்கக்கா, எங்க ஊட்டுக்காரருக்கு எனக்கு முந்தி வேற யாரோ அழுதாங்களாமா?" என்று கேட்டாள்.

தெருவுக்கு வந்ததும் கமலவேணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு யாரு கையெழுத்துப் போடறது, கண்ணு?" என்றார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கேள்வியும் அதிலிருந்த கோபமும்தான். அது இன்னும் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.