கறுப்பு பிளசரின் பிரேக்

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். தஞ்சாவூரில் என் பட்டறைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் அந்தக் கறுப்புக் காரை லாரியிலிருந்து இறக்கிய அன்று, கையிலிருந்த ஸ்பேனரை முதல் காரியமாகக் கீழே வைத்தேன்.

காரோடு வந்தவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். என் வயதுதான் இருக்கும். "அப்பாவோட வண்டிங்க. ஓடணும், அவ்வளவுதான். டிஸ்க் பிரேக் போடறேன், அது இதுன்னு ஆரம்பிச்சுடாதீங்க. எதையும் மாத்தக் கூடாது, எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சொன்னார். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அது என் ஊரும்தான். அங்கே அந்தக் காரை பிளசர் என்பார்கள். என் அப்பாவின் வலது காலைக் கொண்டுபோனது அந்த பிளசர்தான்.

"இத்தனை வருஷம் ஏன் ஓட்டாம வச்சிருந்தீங்க?" என்றேன்.

"ஏதோ ஒரு கேஸுங்க. அதுக்கப்புறம் அப்பா அதைத் தொடல. கொட்டகையிலேயே நின்னுடுச்சு."

ஏதோ ஒரு கேஸ்!

ஆட்சி மாறியதும் அவருடைய அப்பா, எங்கள் ஊர் மிராசுதார், கரை வேட்டிக்கு மாறிக்கொண்டார். நில உச்சவரம்பு வந்தபோது உறவுக்காரர்கள் பெயரிலெல்லாம் எழுதிவைத்து வயலைக் காப்பாற்றிக்கொண்டார். அறுப்புக்குக் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. எங்கள் ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். அவர் அசலூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். மறிப்பதற்காக எங்கள் தெருவே வாய்க்கால் மதகடியில் திரண்டு நின்றது. அப்பா முன்வரிசையில் நின்றார். லாரிக்கு முன்னால் பிளசரை மிராசுதாரே ஓட்டிக்கொண்டு வந்தார். நிறுத்தவில்லை. இரண்டு பேர் வாய்க்காலில் போய் விழுந்தார்கள். ஒரு பெண்ணின் இடுப்பு முறிந்தது. அப்பாவின் கால் சக்கரத்துக்கும் மதகுச் சுவருக்கும் நடுவே கூழாகிப் போனது. பிறகு கல் பறந்தது, தடி வந்தது. போலீஸ் வந்து அடிபட்டுக் கிடந்தவர்களையே அடித்தது.

கோர்ட்டில் மிராசுதார் சொன்னது ஒன்றுதான்: "மிதிச்சேன், பிடிக்கல." வண்டியைப் பார்த்த அதிகாரியும், பிரேக் ஆயில் சரியாக இருக்கிறது, உரசிச் சக்கரத்தை நிறுத்துகிற லைனிங்தான் தேய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். விடுதலை ஆகிவிட்டது.

அப்பா விடவில்லை. "அவன் மிதிக்கவே இல்லடா" என்பதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அதிகாரி சாதகமாக எழுதிவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். இப்போது அந்த பிரேக் என் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே லைனிங் கனமாக மட்டும் இருக்கட்டும், அப்புறம் இருக்கிறது அந்த மிராசுதார் மகனுக்கு என்று கறுவிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினேன்.

பிரேக்கை மூடியிருக்கும் டிரம் துருவேறி வர மறுத்தது. சுத்தியலால் அடித்தேன். வேண்டியதற்கு மேலேயே அடித்தேன். கழன்று வந்தபோது உள்ளே லைனிங்கே இல்லை. அதை ஷூ இரும்பில் பிடித்துவைக்கிற ரிவெட்டுகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. டிரம்மின் உள்பக்கம் முழுக்க உழுதுபோட்ட மாதிரி பள்ளம். மற்ற மூன்று சக்கரங்களும் அப்படியே.

ஆக, மிராசுதார் சொன்னது உண்மை. சுத்தியலைச் சுவரில் விட்டெறிந்தேன். சுவர்ப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதே வேகத்தில் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கத்தினேன். "லைனிங்கே இல்லப்பா! மிதிச்சிருந்தாலும் பிடிச்சிருக்காது. இத்தனை வருஷமா என்கிட்ட பொய்யா சொன்னே?"

அக்குளில் வைத்து நடக்கும் கட்டையை எடுத்து அப்பா என் தோளில் ஓங்கி அடித்தார்.

"தேஞ்சுதான்டா இருந்துச்சு! எவன் இல்லேன்னான்? அந்த வருஷம் பூரா அவன் பிரேக்கைப் போட்டா ஊரே காதைப் பொத்தும். தகரத்தைக் கல்லுல தேய்க்கிற மாதிரி கத்தும். அன்னிக்குக் கத்துச்சா? என் கால்ல ஏறுற வரைக்கும் கத்தலடா!"

தோள் எரிந்தது. லைனிங் போய் ரிவெட் டிரம்மில் உரசுகிற வண்டி நிற்காமல் போகலாம். கத்தாமல் போகாது. கோர்ட்டில் வண்டி நின்றதா என்று கேட்டார்கள். சத்தம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அது போதும். ஆனால் எங்கள் வாய்ச்சொல் எடுபடாது என்பதைப் பார்த்தவன் நான். எஞ்சினைச் சரிசெய்து, துருவைச் சுரண்டி, பழைய ஷூக்களையே திரும்ப மாட்டினேன். அப்பாவை ஆட்டோவில் கொண்டுவந்து பட்டறை வாசலில் உட்கார வைத்தேன். மிராசுதார் மகனை வரச்சொல்லி, "பிரேக் வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை மெதுவா ஓட்டி மிதிச்சுப் பாருங்க சார்" என்றேன்.

மிதித்தார். எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்க்கும் அளவுக்கு அது கத்தியது. வண்டி அசைந்து அசைந்து நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இதே சத்தம்தாங்க! கேஸுக்கு முன்னாடி வாசல்ல இது கேட்டா, விளையாட்டை விட்டுட்டுப் புத்தகத்தைத் தூக்கிட்டு ஓடுவோம். அப்பா வந்துட்டாருன்னு அர்த்தம்."

அப்பா எழுந்தார். ஒற்றைக் காலில் தத்திவந்து கட்டையைத் திருப்பிப் பிடித்து இடதுபக்க ஹெட்லைட்டில் இறக்கினார். கண்ணாடி சிதறியது. இரண்டாவது அடியில் வளையம் நெளிந்தது. "ஏய்!" என்று கையை ஓங்கிக்கொண்டு இறங்கியவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கதவோடு சாய்த்தேன். அடித்தே இருப்பேன். அப்பாதான் தடுத்தார்.

"விடுடா." மூச்சு வாங்கியது. "தம்பி, மதகடியில உங்கப்பா என் மேல ஏத்தினப்ப இந்தச் சத்தம் கேக்கல."

மிராசுதார் வீட்டில் ஒருவரை அப்பா தம்பி என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். மிராசுதார் மகன் என் அப்பாவின் ஒற்றைக் காலைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

வேலையை முடித்துக் கொடுத்தேன். ரோஷம் இல்லையா உனக்கு என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கார் இனி ரோட்டில் ஓடப்போகிறது, முன்னால் யார் நிற்பார்கள் என்று எனக்கென்ன தெரியும்? அதே ஷூக்களில் புது லைனிங் வைத்து ரிவெட் அடித்தேன். டிரம்மை லேத்தில் மெல்லிசாகச் சீவினேன். சிலிண்டரில் ரப்பரை மட்டும் மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை.

எடுத்துப்போக வந்தவர் உடைந்த லைட்டைக் காட்டி, "இது?" என்றார்.

"எதையும் மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

ஏறிக் கிளம்பினார். அப்பா அந்தக் காரைப் பார்க்க மாட்டேன் என்று தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே போனார்கள். காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் ஒன்றும் இல்லை.

அப்பாவின் கை கட்டையை இறுக்கிப் பிடித்தது. "நின்னானாடா?" என்றார்.

"நின்னுட்டான்பா."