கெஸாயா மறைக்காத பிள்ளை

எங்கள் ஊர்ச் சலவைக்காரி கெஸாயா அதிகம் பேசமாட்டாள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹார்க்னெஸ் துரை வீட்டில் அவள் அடிமையாக இருந்தபோது, துரைசானிக்கும் அவளுக்கும் ஒரே வாரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. துரைசானியின் பிள்ளை லூயிஸ், கெஸாயாவின் பிள்ளை ஆரன். கறுப்பினத்தாள் பெற்ற பிள்ளை என்று ஆரனைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டுக்கும் அப்பா ஒருவர்தான் என்பது ஊருக்குத் தெரியும். யாரும் பேசியதில்லை.

பிரசவக் காய்ச்சலில் விழுந்த துரைசானியை உடம்பு தேறத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு குழந்தைகளுக்கும் கெஸாயாவே பால் கொடுத்தாள். நான்கு மாதம் கழித்துத் திரும்பிய துரைசானி, உறவுக்காரப் பெண்கள் சுற்றி நிற்க, விரிப்பில் கிடந்த இரண்டில் ஒன்றை வாரியெடுத்து முத்தமிட்டாள். எடுத்தது ஆரனை.

கெஸாயா கீழே கிடந்த லூயிஸைப் பார்த்தாளாம். பிறகு சொன்னாள்: "அம்மா, அது என் புள்ளைங்க. உங்க புள்ள கீழ இருக்குதுங்க."

துரைசானி அந்த அவமானத்தை மறக்கவில்லை. ஆரனுக்கு ஐந்து வயதானபோது, அந்த முகம் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். துரை அவனை ஒரு வியாபாரியிடம் விற்று, நீராவிப் படகில் தெற்கே அனுப்பிவிட்டான்.

உள்நாட்டு யுத்தம் முடிந்து விடுதலை வந்ததும், தேவாலயங்களில் வாசிக்கப்படும் பத்திரிகையில் கெஸாயா மகனைத் தேடி அறிவிப்புக் கொடுத்தாள். வருஷா வருஷம் கொடுத்தாள். பன்னிரண்டாவது வருஷம் அவன் வந்தான். தெற்கே நாட்செஸ் என்ற ஊரில் படகுத் தச்சனாம். யாரோ வெள்ளைக்காரன் என்று நினைத்து எங்கள் போதகர் தொப்பியைக் கழற்றினார்.

எதற்காக அவனை விற்றார்கள் என்பதை அவளே சொன்னாள். ஆரன் கேட்டான்: "நீங்க பேசாம இருந்திருந்தா?"

"நீ மாடியில வளந்திருப்ப. லூயிஸை அடிமைன்னு வித்திருப்பாங்க. அவனும் என்கிட்ட பால் குடிச்சவன்தான்ப்பா."

"நான் உங்க வயித்துல பொறந்தவன்ம்மா."

"ஆமா. அதைத்தானே அன்னைக்குச் சொன்னேன்."

மறுநாள் அவன் படகேறிப் போனான். மூன்று மாதம் தகவல் இல்லை. பிறகு மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து, படகுத்துறைப் பக்கம் வீடு கட்டினான். அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். அவள் போகவில்லை. ஞாயிறு மதியம் மட்டும் போய்ச் சோள ரொட்டியும் பன்றிக்கறியும் சாப்பிடுவாள். திரும்பும்போது பேத்திகளின் அழுக்குத் துணியை மூட்டை கட்டி எடுத்துவருவாள். மருமகள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள், நடக்கவில்லை.